கிக் கத்தணும்: மந்தெலாவ் பீட், நாலாவது முயற்சி

மூன்று வாரமாக அடம்பிடித்த பீட் நேற்று ராத்திரி ஒருவழியாக உறுமியது. பிரேசிலின் சாவ் பாவ்லோ தெருப் பார்ட்டிகளில் ஓடும் ஃபங்க் இசையின் மந்தெலாவ் வகை, வேகம் 130 பிபிஎம் (நிமிடத்துக்கு 130 அடி). ரியோக்காரர்கள் 150க்கு ஏற்றிவிட்டார்கள். அந்த வேகத்துக்கு என் கை இன்னும் பழகவில்லை.

பேட்டர்ன், வோக்கல் வெட்டு எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. உயிரை வாங்கியது கிக்தான், அதாவது 'டும்' என்று இறங்கும் பேஸ் டிரம் அடி. ஹெட்ஃபோனில் 50 ஹெர்ட்ஸ் சுத்தமாக இறங்கியது. ஆனால் ஃபவேலா (பிரேசில் நகரங்களின் ஏழைக் குடியிருப்பு) டிஜேக்களின் டிராக்கைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், என்னுடையது கடைசிப் பந்தி ரசம் மாதிரி நீர்த்துக் கிடந்தது. ஈக்யூ, கம்ப்ரசர், மூன்று கிக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது என்று மூன்று வெர்ஷன் குப்பைக்குப் போயின. இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒரு 'பிரேசில் ஃபங்க்' சாம்பிள் பேக்கும் தண்டம். அத்தனையும் 808 டிரம் மெஷினின் பளபளப்பான கிக். ஒன்றிலாவது அழுக்கு வேண்டாமா?

அப்புறம்தான் உறைத்தது. இந்த இசையை யாரும் ஹெட்ஃபோனுக்காகச் செய்யவில்லை. தெருவில் இது ஓடுவது பரெதாவ் என்கிற ஸ்பீக்கர் சுவரில், போர்ச்சுகீஸில் பெரிய சுவர் என்று அர்த்தம். கார் டிக்கியிலும் டிரெய்லரிலும் ஸ்பீக்கர்களை அடுக்கிக் கட்டுவார்கள். வூஃபர்களோடு கொர்னேட்டா என்கிற ஹார்ன்களும் வரிசையாக இருக்கும். திறந்த தெருவில் ஆழமான பேஸ் சீக்கிரம் கரைந்துபோகும். கூச்சலைக் கிழித்துக்கொண்டு வருவது ஹார்ன் கக்கும் நடுப்பகுதி ஒலிதான். அப்படியென்றால் கிக்கும் அங்கே கத்தியாக வேண்டும்.

சோதித்துப் பார்க்க, தெருமுனையில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணனிடம் ஒரு குழாய் ஸ்பீக்கர் கேட்டேன்.

"வீட்ல விசேஷமா தம்பி?"

"இல்லண்ணே, ஒரு பாட்டு டெஸ்ட் பண்ணணும்."

"இதுல பேஸ் வராதே."

"அதுக்குத்தாண்ணே."

ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். தாழ்ந்த ஒலியைத் திணித்தால் யூனிட்டின் டயாஃப்ரம் போய்விடும் என்பதால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு மொட்டை மாடியில் ஓட்டினேன். கிக்கைக் காணவே காணோம்!

அலையின் உச்சியை மெதுவாக வெட்டும் சாஃப்ட் கிளிப்பர் போதவில்லை, அது ஓரத்தை மழுக்குகிறது. கிக்கை 18 டெசிபல் தூக்கி, அலையின் தலையையும் காலையும் ஹார்ட் கிளிப்பில் மட்டமாக வெட்டினேன். 50க்கு மேலே 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகளாக ஹார்மோனிக்குகள் என்கிற துணை ஒலிகள் முளைத்தன. குழாய் 250லிருந்து மேலே இருப்பதைக் கொடுத்தாலே போதும், அடியில் இருக்கும் 50ஐக் காது தானே நிரப்பிக்கொள்கிறது.

ஆனால் கிளிப் செய்தால் வால் நீளும். அடங்கிக்கொண்டிருக்கும் பகுதியையும் அது தலைக்குச் சமமாகத் தூக்கிவிடுகிறது. 130இல் ஒரு பதினாறாவது நோட் சுமார் 115 மில்லிசெகண்ட். வால் அதைத் தாண்டினால் அடுத்த அடியின் மேல் ஏறி உட்காரும். கிளிப்புக்கு அப்புறம் வாலை அறுக்கும் கேட் போட்டுப் பார்த்தேன், டப்பாவைத் தட்டியது போல இருந்தது. கடைசியில் கிளிப்புக்கு முன்னாலேயே கிக்கை 110 மில்லிசெகண்டுக்கு நறுக்கியதும் சரியாகிவிட்டது. இந்த ஒரு வரிசைமாற்றத்துக்கு ஐந்து ராத்திரி போனது.

ஸ்பீக்கர் சுவர் மோகம் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. ரியோவில் 1970களிலேயே ஃபுராகாவ் 2000 போன்ற சவுண்ட் குழுக்கள் சுவர் கட்டிப் பேர் வாங்கின. அப்போது ஓடியது அமெரிக்க சோலும் ஃபங்கும். அப்புறம் அமெரிக்காவின் மயாமி பேஸ் இசை வந்தது, 1989இல் டிஜே மார்ல்போரோவின் தொகுப்பு போர்ச்சுகீஸ் வரிகளோடு வந்தது, 90களின் கடைசியில் தம்போர்சாவ் தாளம். அந்தத் தம்போர்சாவைத் தனியாக ஒரு பீட்டாகக் கட்டிப் பார்க்கிற ஆசையும் இருக்கிறது.

அதற்குள் மனசு ப்ருஷரியா என்கிற இன்னொரு ஃபங்க் வகைப் பக்கம் ஓடிவிட்டது. பேருக்கே பில்லிசூனியம் என்றுதான் அர்த்தம். அதில் வரும் டூயின், அதுதான் மண்டையைத் துளைக்கும் அந்த ஒற்றைக் கீச்சு, 3 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையில் கொஞ்சம் வருகிறது. இந்த பீட்டின் மிக்ஸ் இன்னும் பாதியில்தான் நிற்கிறது, அது வேறு.

வெள்ளிக்கிழமை காதுகுத்து ஒன்று இருக்கிறதாம், அதற்குள் குழாயைத் திருப்பிக் கொடுக்கணும். அதற்கு முன்னால் டூயினை ஒருமுறையாவது அதில் ஓட்டிப் பார்க்கணும், கீழ்வீட்டு அக்கா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து.