மூன்று வாரம் படுத்திய சின், ஒருவழியாக வழிக்கு வந்தது

நேற்று ராத்திரி, சி++இல் எழுதிய என் செலவுக் கணக்கு நிரலில் வேண்டுமென்றே கண்டதையும் அடித்துப் பார்த்தேன். ‘அஆஇ’, ‘12அ’, வெறும் என்டர், இருபது இலக்க எண். எதற்கும் அசரவில்லை. ‘முழு எண் மட்டும்’ என்று சொல்லிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சின் என்பது நாம் அடிப்பதை நிரலுக்கு வாங்கித் தரும் சி++ வசதி. அது எண் கேட்கும் இடத்தில் எழுத்தை அடித்தால் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நிற்காமல் ஓடும் கதை சி++ பழகிய எல்லோருக்கும் தெரியும். அதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: முதலில் கிளியர் (பிழை நிலையை நீக்குவது), அப்புறம்தான் இக்னோர் (மிச்ச எழுத்துகளைத் தள்ளிவிடுவது). நான் மாற்றிப் போட்டிருந்தேன். ஃபெயில்பிட், அதாவது ‘படிக்க முடியவில்லை’ என்ற அடையாளம், விழுந்து கிடக்கும்போது இக்னோர் ஒரு எழுத்தைக்கூட எடுக்காது, குப்பை பஃபரிலேயே (அடித்தது காத்திருக்கும் இடம்) தங்கிவிடும். நான் படித்த பாடங்கள் இரண்டு வரியையும் கொடுத்தன, வரிசைக்குக் காரணம் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆனால் மூன்று வாரத்தைத் தின்றது அது இல்லை, 250.50.

நிரல் முதலில் தொகை கேட்கும், அடுத்து நாள் கேட்கும். இரண்டும் இன்ட், அதாவது முழு எண் வகை. தொகைக்கு 250.50 அடித்தேன். மறுப்பு எதுவும் வரவில்லை. ‘நாள்?’ என்று திரையில் வந்தது, நான் விரலை வைப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஃபைலைத் திறந்தால் நாள் 0. இரண்டு சாயங்காலம் நாள் வாங்கும் ஃபங்ஷனையே குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் தொகை வாங்கியவுடன் பீக் போட்டு (எழுத்தை எடுக்காமல் எட்டிப் பார்ப்பது) அடுத்த எழுத்தை அச்சிட்டேன். ஒரு புள்ளி வந்து நின்றது.

விஷயம் இதுதான். இன்ட் வாங்கும்போது சின் 2, 5, 0 என்று எடுத்துக்கொண்டு புள்ளியைக் கண்டதும் நிறுத்திவிடும். அதன் கணக்கில் அது வெற்றி. மிச்சம் ‘.50’ பஃபரில் காத்திருக்கும், நாள் கேட்டதும் அதுதான் முதலில் போய் முட்டும். தவறு நடந்தது ஓரிடம், விழுந்தது இன்னோரிடம். சி++11 முதல், எண்ணாகப் படிக்க முடியாமல் போனால் மாறியில் 0 வந்து உட்காரும், அந்த 0 தான் ஃபைலுக்குப் போயிருக்கிறது. எண் ரொம்பப் பெரிதாக இருந்தால் ஃபெயில்பிட்டோடு இன்ட்டின் உச்ச மதிப்பான 2147483647 வந்து நிற்கும். மதிப்பைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கவே கூடாது.

மைனஸைத் தடுக்கலாம் என்று நடுவில் அன்சைன்ட் இன்ட்டுக்கு (மைனஸ் இல்லாத முழு எண் வகை) மாறினேன். -5 அடித்தால் 4294967291. ஃபெயில்பிட்கூட விழவில்லை! அன்றே பழையபடி இன்ட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது எண்ணுக்குச் சின்னை நேராக நம்புவதே இல்லை. கெட்லைனில் முழு வரியையும் வாங்கி, எழுத்துகளை எண்ணாக்கும் ஸ்டாயிடம் கொடுக்கிறேன். ஸ்டாயும் ‘250.50’ஐ 250 என்று ஒத்துக்கொள்ளும், ஆனால் எந்த இடம் வரை படித்தது என்பதை இரண்டாவது ஆர்கியுமென்ட்டில் (நாம் கொடுக்கும் மாறியில்) சொல்லிவிடும். அது வரியின் நீளத்துக்குச் சமமாக இல்லையென்றால் உள்ளே விடுவதில்லை. எண்ணே இல்லாவிட்டாலும் அளவு மீறினாலும் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வரும், பிடித்துக்கொள்ளலாம். கெட்லைனே தோற்றால் கிளியர் போடாமல் வெளியேறிவிட வேண்டும். ஃபைல் முடிந்த பிறகும் கிளியர் போட்டுக்கொண்டே இருந்தால் மறுபடி முடிவில்லா லூப்தான்.

அடுத்து ஃப்ரம்_கார்ஸ் என்ற, எழுத்தை எண்ணாக்கும் இன்னொரு ஃபங்ஷனுக்குப் போகும் ஆசை இருக்கிறது. எக்ஸெப்ஷன் தொல்லை கிடையாது. முன்னால் இடைவெளி இருந்தாலோ பிளஸ் குறி இருந்தாலோ ஏற்காது, அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. தசம எண்ணுக்கு ஜிசிசி கம்பைலரின் 11ஆம் பதிப்பு வேண்டும், என் பழைய கணினியில் இருப்பது அதற்கும் முந்தையது. தொகையையே புள்ளிக்கு முன், பின் என்று இரண்டு முழு எண்ணாக வைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

அதற்கு முன் ஒரு பாக்கி. விண்டோஸில் சேமித்த பழைய கணக்கு ஃபைலை லினக்ஸில் கொடுத்தேன், ஒரு வரி விடாமல் தள்ளிவிட்டது. ‘250’ என்ற வரிக்கு ஸ்டாய் 3 என்கிறது, நீளம் 4 என்கிறது. வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கேரேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் குறி) ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று ராத்திரி அதை வெட்டுகிற வேலை.