மண்டபம் கட்டுவதற்கு முன் கக்கூஸ்

மலேசியாவில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. எங்கள் கட்டடக் குத்தகை அலுவலகத்தில் அது யார் தலையில் விழும் என்பதில் சந்தேகமே இல்லை. கணக்கு, வெளிநாட்டு ஆட்களின் பெர்மிட், அவர்களுக்குக் கட்டும் லெவி என்று எல்லாக் காகிதமும் ஏற்கெனவே என் மேசையில்தான். "இதுவும் காகிதந்தானேம்மா, நீயே பார்த்துக்க" என்றார் முதலாளி. பயிற்சிக்குப் போனேன், சான்றிதழும் வந்தது. முதலில் வந்து மாட்டியது கழிவறை.

வேலை பத்தாங் பெர்ஜுந்தையில். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். சுற்றிலும் செம்பனை. நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று 1917இல் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான். அங்கே ஒரு பழைய தோட்டக் கோயிலை ஒட்டி இரண்டு மாடி மண்டபம் எழுப்ப வேண்டும். ஆட்கள் இருபது பேருக்குக் கொஞ்சம் கூட. பெரும்பாலும் வங்காளதேசத்துத் தம்பிகள், சில இந்தோனேசியர்கள், கெப்பாளா (மேஸ்திரி) ஒரு தமிழர், கல் எடுக்கவும் சைட் கூட்டவும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இரண்டு அக்காமார்.

"கோயில்ல கக்கூஸ் இருக்கே, அப்புறம் எதுக்குத் தனியா?" என்பதுதான் முதலாளியின் முதல் கேள்வி. நியாயமாகத்தான் பட்டது. ஆனால் காலைப் பூசை முடிந்ததும் கோயில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள். சிமெண்டு அப்பிய பூட்ஸோடு பிராகாரத்தைக் கடந்து போவதை நிர்வாகத்தினர் விரும்பவில்லை. நோன்பும் தொழுகையுமாக இருக்கிற தம்பிகளுக்கும் அங்கே நுழையக் கூச்சம். ஆக, அந்தக் கழிவறை வரைபடத்தில் இருந்ததே தவிர ஆட்களுக்கு இல்லை. அவர்கள் போனது செம்பனை வரிசைக்குள். சைட்டுக்குப் பின்னால் நாலு மரம் தள்ளிப் போய்ப் பார்த்தால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

எத்தனை கழிவறை வைக்க வேண்டும்? இணையத்தில் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான நம் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஓஷா என்கிறோம், அமெரிக்காவின் சட்டத்துக்கும் அதே பெயர். தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்கக் கணக்குதான்: 20 பேர் வரை ஒன்று, அதற்கு மேல் 40 பேருக்கு ஓர் இருக்கையும் ஒரு சிறுநீர்த் தொட்டியும், 200 பேரைத் தாண்டினால் 50 பேருக்கு ஒரு சோடி. எங்கள் கெப்பாளா அண்ணன் கைப்பேசியில் இதைக் காட்டி, "பார், ஒன்னு போதும், கூடக் குறைய இருந்தா ஒரு யூரினல்" என்றார். நம் சட்டத்தின் 15ஆவது பிரிவு அப்படி எண்ணிக் கொடுப்பதில்லை. வேலையாட்களின் நலனுக்கான வசதிகளைச் செய்து தருவது முதலாளியின் கடமை என்கிறது. அந்தப் பிரிவை மீறினால் அபராதம் முன்பு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை. 2024இலிருந்து 5 லட்சம் வெள்ளி வரை. இதைச் சொன்னதும் முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு உதவியது பிரிட்டிஷ் வழிகாட்டி. இங்கே அது சட்டம் இல்லை, ஆனால் மோபைல் டாய்லெட்டை எப்படிக் கணக்கிடுவது என்று நடைமுறையாகச் சொல்கிறது: வாரம் ஒருமுறை காலி செய்வதாக இருந்தால், வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் 7 பேருக்கு ஒன்று. தொட்டி நிறைகிற வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. எங்கள் ஆட்கள் 40 மணியோடு நிற்கிறவர்கள் இல்லை. நாலு பெட்டி கேட்டேன், ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு ஒன்று. பேரம் பேசிப் பார்த்த முதலாளி, வாரம் இரண்டு தடவை லோரி வந்து கழிவை உறிஞ்சினால் என்ன செலவு என்று விலை கேட்டுவிட்டு நாலுக்கே ஒத்துக்கொண்டார்.

குழி வெட்டித் தகரம் அடிக்கும் யோசனையும் வந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் அப்படித்தானே இருந்தோம் என்று கோயில் பெரியவர் ஒருவர் சொன்னார். ஆனால் இது சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர், மண்வெட்டியால் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்து நிற்கும். அடித்தளத்துக்கு வெட்டிய பள்ளத்தில் நாள் முழுக்க பம்பு ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினேன். ஐயா பேசாமல் நகர்ந்தார்.

அடுத்தது எங்கே வைப்பது. கட்டட வேலையில் இவ்வளவு வாக்குவாதம் வேறு எதற்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. வடகிழக்கு மூலை கூடவே கூடாது, அது ஈசானியம். தென்கிழக்கில் மடப்பள்ளி. மேற்கே வைத்தால் சாமி கும்பிட வருகிறவர்கள் முகத்தில் அடிக்கும். மிஞ்சியது பின்புறம், செம்பனையை ஒட்டி. நிர்வாகத்தினர் எல்லோருக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது, உறிஞ்ச வரும் லோரி ஓட்டுநரைத் தவிர. "அக்கா, என் ஹோஸ் அவ்வளவு தூரம் எட்டாது. உள்ள வந்தா மழையில டயர் புதையும். நான் வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நான் அவர் பக்கம்தான். லோரி எட்டாத இடத்தில் வைக்கிற கழிவறை பத்தே நாளில் பூட்டிக் கிடக்கும். கடைசியில் ரோட்டோரக் கேட்டுக்கு இடப்புறம், தகர வேலியின் உட்பக்கமாக, கிரஷர் கல் கொட்டித் திடமாக்கி வரிசையாக நிறுத்தினோம். கதவுகள் கோயிலைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தபடி. எதிர்ச்சாரியில் ரொட்டி சானாய் போடுகிற அண்ணன் முகம் சுளித்தார். ஒரு வாரம் நாற்றம் வருகிறதா பாருங்கள், வந்தால் மாற்றுகிறோம் என்று சொல்லி வைத்தேன். அவர் திரும்பி வந்து கேட்கவே இல்லை.

லோரியைப் பற்றி இன்னொன்று. பாதி விலைக்கு ஒருவர் வந்தார். கழிவை எங்கே கொண்டு போய் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். "தோட்டம்தான் பெருசா இருக்கே" என்று சிரித்தார். நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. பெர்மிட் நகலும், ஒவ்வொரு தடவையும் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கினார்கள் என்ற சீட்டும் கொடுப்பவரை மட்டும் பிடியுங்கள். பின்னால் சோதனைக்கு வந்த அதிகாரி கழிவறைக்குள் எட்டிப் பார்த்ததைவிட அந்தச் சீட்டுகளைப் புரட்டியதுதான் அதிக நேரம்.

இனி அக்காமார் விஷயம். இதை எந்தப் பாரத்திலும் எழுதச் சொல்லி இடம் விட்டிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். இருவர் பக்கத்திலும் காலையில் கொண்டு வந்த தண்ணீர்ப் போத்தல், கழுத்து வரை அப்படியே. அந்த வெயிலில் செங்கல் சுமந்துவிட்டு ஒரு மடக்குகூட குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "குடிச்சா எங்கம்மா போறது? வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கலாம்" என்றார் மூத்தவர். அவருக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போகிறதாம். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பெண்களுக்கென்று நாலாவது பெட்டி வந்த பிறகும் போத்தல் குறையவில்லை. போய்ப் பார்த்தால் உள்தாழ்ப்பாள் ஆடுகிறது, சாவி கெப்பாளா சட்டைப்பையில். ஒவ்வொரு தடவையும் ஆம்பளையிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும் என்றால் யார் கேட்பார்கள்? தாழ்ப்பாளை மாற்றி, சாவியை அக்காமார் கையிலேயே கொடுத்தோம். உள்ளே பை மாட்ட ஒரு கொக்கி. மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒன்று, ஏனென்றால் நாப்கின் கழிவுத் தொட்டிக்குள் விழுந்தால் லோரியின் குழாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஓட்டுநர் பெண்கள் பெட்டியைத் தொடவே மாட்டார். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு மூட்டை சிமெண்டு விலைகூட ஆகவில்லை.

தண்ணீர்தான் அடுத்த வம்பு. பெட்டியோடு காகிதச் சுருள் கொடுத்தார்கள். நம் ஆட்களில் யார் காகிதத்தோடு நிறுத்துகிறார்கள்? தண்ணீர் இல்லாத கழிவறையை ஒரு தம்பியும் தொடவில்லை. பைப் இழுக்கும் வரை பக்கத்தில் 200 லிட்டர் பீப்பாய் வைத்துக் மொண்டு ஊற்றக் கயுங் போட்டோம். பீப்பாய் வைத்தால் கொசு. கட்டுமான இடத்தில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கிடைத்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார இலாகா கம்பவுண்ட் (அபராதச் சீட்டு) எழுதும், வேலையை நிறுத்தவும் முடியும். 10 லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் புழுவைக் கொல்லும் அபேட் மணல் 20 கிராம் போட்டு, மேலே மூடி வைத்தோம். கை கழுவ ஒரு சிங்க்கும் சவர்க்காரமும் வைத்ததில் சவர்க்காரம் மட்டும் அடிக்கடி காணாமல் போனது. கயிறு கட்டித் தொங்கவிட்டதும் அது நின்றது.

சைட் ஒருபுறம் இருக்க, ஆட்கள் தங்கும் வீடு தனிக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தங்குமிடத்துக்கு 446ஆவது சட்டம், தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும், இல்லாமல் ஆள் வைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம். இங்கே எண்ணிக்கை தெளிவு: விடுதி என்றால் 15 பேருக்கு ஒரு கழிவறை, ஒரு குளியலறை, மற்ற வீடுகளில் 6 பேருக்கு ஒன்று. நாங்கள் எடுத்திருந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் 14 பேர், கழிவறை இரண்டு. மூன்றாவது கட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. இரண்டு பேரை வேறு வீட்டுக்கு மாற்றினோம், 12க்கு 2 என்று சரியாக வந்தது. சான்றிதழும் கிடைத்தது. மாற்றச் சொன்ன தம்பிகள் கோபித்துக்கொண்டார்கள், அந்த வீட்டில்தான் நல்ல சமையல்காரர் இருந்தாராம்.

சுத்தம் செய்வது யார் என்பதைக் கடைசிவரை பலரும் தள்ளிப்போடுகிறார்கள். எங்களிடமும் "சைட் கூட்டுற அக்காவே கழுவட்டும்" என்ற பேச்சு வந்தது. அவருக்குப் பேசிய சம்பளம் கூட்டுவதற்கு. கழுவச் சொன்னால் அதற்குத் தனிச் சம்பளம், கையுறை, பூட்ஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி கையெழுத்துப் போட்டார், அக்காவும் சரி என்றார். கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டி, கழுவிய நேரத்தை அவரே குறித்து வந்தார். அவருக்கு மலாய் எழுத வராது, தமிழில் எழுதினார். அதிகாரிக்கு நான் படித்துச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நகல் எடுத்துக்கொண்டார்.

செலவை யார் ஏற்பது என்ற சண்டை மட்டும் மண்டபம் முடிந்தும் முடியவில்லை. கோயில் நிர்வாகம் அதைத் தனியாகக் கொடுக்க மறுத்தது, ஒப்பந்தத்தில் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. அதனால் இப்போது நான் தயாரிக்கிற எல்லாக் கொட்டேஷனிலும் ஆரம்பச் செலவுகள் பகுதியில் கழிவறைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது: பெட்டி வாடகை, உறிஞ்சும் கட்டணம், தண்ணீர், கழுவுகிறவர் சம்பளம், மாதக் கணக்கில். வேலை இழுத்தால் அந்தத் தொகையும் கூடவே நீளும் என்று அடியில் எழுதிவிடுகிறேன்.