கண்மாய் மடையில் ஒரு சென்சார்: இதுவரை வந்து சேர்ந்த இடம்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஒருபோகப் பாசனம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டதும் ஊரே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கண்மாய் எவ்வளவு ஏறியிருக்கு? யாராவது கரைமேல் நடந்து போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போனவர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். அந்தத் தண்ணீர் மட்டம் தானாகவே எல்லார் கைக்கும் வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலை. ஊர்ப் பெரியவர்களிடமும் பாசன அலுவலகத்திலும் கேட்டுக்கொண்ட பிறகே மடைத்தூணில் கை வைத்தேன்.

சாமான்கள் எல்லாம் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கியவை. ஒரு ஈஎஸ்பி32 போர்டு (குட்டிக் கணினி), ஒரு லோரா மாட்யூல் (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் செய்தி அனுப்பும் ரேடியோ), ஒலியை அனுப்பி அது திரும்புவதை வைத்துத் தூரம் சொல்லும், தண்ணீர் புகாத ஜேஎஸ்என் அல்ட்ராசானிக் சென்சார், 18650 என்ற ரீசார்ஜ் பேட்டரி ஒன்று, கையகல சோலார் தகடு. மடைத்தூணிலிருந்து ஜிஐ பைப்பை நீட்டி, நுனியில் சென்சாரைத் தண்ணீரைப் பார்த்து வைத்திருக்கிறேன். பைப் குட்டையாக இருந்தால் ஒலி தூணிலேயே பட்டுத் திரும்பிவிடும். தண்ணீர் நிறைந்து வரும்போது இன்னொரு சிக்கல் உண்டு. 25 செ.மீ.க்கும் கிட்டத்தில் இருப்பதை இந்தச் சென்சாரால் அளக்க முடியாது. அதனால் நிறைமட்டத்துக்கு நல்ல உயரத்தில்தான் மாட்ட வேண்டும்.

அதிகம் யோசிக்க வைத்தது மதுரை வெயில். சென்சார் அளப்பது தூரத்தை அல்ல, ஒலி போய்த் திரும்பும் நேரத்தை. காற்று 25 டிகிரியில் இருக்கும்போது ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் போகும். 40 டிகிரியில் 355. தண்ணீர் 3 மீட்டர் கீழே இருந்தால் இந்த வித்தியாசம் மட்டுமே 8 செ.மீ. வரும். காலையில் ஒரு மட்டம், உச்சிவெயிலில் 8 செ.மீ. ஏறின மட்டம், சாயங்காலம் பழையபடி. ஒரு சொட்டு மழை இல்லாமல் கண்மாய் தினமும் ஏறி இறங்குவதாகக் கணக்கு காட்டும். இதற்காக டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சாரைப் பைப்பின் நிழல் பக்கம் கட்டி, ஒவ்வொரு அளவிலும் ஒலியின் வேகத்தைத் திருத்திக்கொள்கிறேன். பகலில் காட்டிய பொய் ஏற்றம் அநேகமாக மறைந்துவிட்டது. ஆகாயத்தாமரை மிதந்து வந்து நின்றால் இலையில் பட்டுத் திரும்பும். அதற்குப் பல தடவை அளந்து நடு மதிப்பை மட்டும் எடுப்பது ஓரளவு உதவுகிறது. அடர்ந்து மூடிவிட்டால் ஆள் இறங்கி அள்ளிப்போடுவது தவிர வழியில்லை.

மடையில் கரண்டும் கிடையாது, வைஃபையும் கிடையாது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, விதித்த சக்திக்குள் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். லோரா அதில்தான் ஓடுகிறது. ஆன்டெனா வெறும் 8.6 செ.மீ. கம்பி, கால் அலைநீளம். (ஆன்டெனா மாட்டாமல் மாட்யூலுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள், அனுப்பும் பகுதி பழுதாகலாம்.) லோராவில் எஸ்எஃப் என்ற எண்ணைக் கூட்டினால் செய்தி மெதுவாகப் போகும், ஆனால் தூரம் எட்டும். இடையில் சீமைக்கருவேலங்காடு இருப்பதால் எஸ்எஃப்7-இல் பாதிச் செய்தி வந்து சேரவில்லை. எஸ்எஃப்10-க்கு மாற்றியதும் வீட்டு மாடிக்கு ஒழுங்காக வருகிறது. ஒவ்வோர் எண் கூட்டும்போதும் செய்தி காற்றில் இருக்கும் நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், பேட்டரியும் அதற்கேற்பச் செலவாகும். ஆகவே செய்தியைச் சுருக்கினேன். தூரத்துக்கு இரண்டு பைட், வெப்பத்துக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. நான்கே பைட்.

இணையத்தின் அடுத்த கட்டம் எனக்குப் புரிய ஆரம்பித்ததே இந்த நான்கு பைட்டில்தான். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். புதிய முறையான ஐபிவி6-இன் முகவரியோ 128 பிட். ஊருக்கு ஊர் மடைக்கு மடை தனி முகவரி கொடுத்தாலும் தீராது. ஆனால் ஐபிவி6-இல் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒட்டும் தலைப்பு (முகவரி விவரம்) மட்டுமே 40 பைட்; நான் அனுப்புவதைப்போல் பத்து மடங்கு. அதனால் இப்போதைக்கு மடை லோராவில் மட்டும் பேசுகிறது. வீட்டிலிருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி அதை வாங்கி, எம்கியூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக வெளியே தருகிறது. எம்கியூடிடி 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கியது. ஆளில்லாத இடம், குறைந்த அலைவரிசை, விலை கூடின இணைப்பு என்று அவர்கள் எதிர்கொண்டதுதான் எங்கள் கரையிலும். கடைசி மதிப்பை அது பிடித்து வைத்திருப்பதால், எப்போது போனைத் திறந்தாலும் அடுத்த அளவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு இணைப்பில் ஐபிவி4 பலருக்குப் பொதுவானது, வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ஐபிவி6-இல் நேராக வரலாம். கடவுச்சொல்லும் குறியாக்கமும் இல்லாமல் மட்டும் திறந்துவிடக் கூடாது.

எல்லாம் ஓடிய பிறகு பெரியப்பாவிடம் போனைக் காட்டினேன். இத்தனை வருஷமாக மடை பார்ப்பவர் அவர்.

"ஏப்பா, 187னு போட்டிருக்கே, இதை வச்சு நான் என்ன செய்ய? எத்தனை படி முங்கியிருக்குன்னு சொல்லு."

மடையில் இறங்கும் கல்படிகள்தான் ஊரின் அளவுகோல். படிகள் ஒரே உயரமில்லை. சிலது தேய்ந்து சரிந்தும் கிடக்கின்றன. தண்ணீர் வற்றிக் கிடந்த கோடையில் அவரே டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, ஒவ்வொரு படியையும் பைப் நுனியிலிருந்து அளந்து அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தோம். அது இப்போது ராஸ்பெர்ரி பையில் ஏறிவிட்டது. திரையில் சென்டிமீட்டர் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது; பெரிய எழுத்தில் "ஆறாம் படி முங்கிவிட்டது, ஏழாவதில் பாதி". ஊரில் இப்போது இதைத்தான் பார்க்கிறார்கள். உலகத்தில் எந்த மேகக் கணினியில் ஏற்றினாலும், மடை திறப்பவர் கணக்கில் வராத எண்ணால் ஒரு வயலும் நனையாது என்றே நினைக்கிறேன்.

அடுத்து கலிங்கில் (கண்மாய் நிறைந்ததும் உபரித் தண்ணீர் வழியும் இடம்) இன்னொரு சென்சார். மறுகால் பாய ஆரம்பித்ததும் கீழ்க் கண்மாய்க்காரர்களுக்குத் தகவல் போக வேண்டும். அதற்குள் ஐபிவி6 தலைப்பைச் சுருக்கி லோரா மாதிரி வலைகளுக்குள் அனுப்பும் முறையை (2020-இல் ஆர்எஃப்சி 8724 என்று வெளிவந்தது) இந்த மடையிலேயே ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.