தட்டை எடுத்துவிட்டால் நாய் போய்விடுமா?

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் மறுபடியும் அதே சண்டை. வளாகத்துக்குள் நாய், பூனைக்கு யாரும் தீனி வைக்கக் கூடாது, வைத்தால் அபராதம் என்று பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பொதுக்குழுவில் பேசவில்லை, ஓட்டுக்கும் விடவில்லை, நிர்வாகக் குழுவில் நாலு பேர் உட்கார்ந்து முடிவெடுத்தால் அது விதியாகிவிடுமா? துணைவிதியில் இல்லாத அபராதத்தை எப்படி வசூலிப்பீர்கள்?

சரி, தடையே போட்டாலும் என்ன நடக்கும்? ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு யாரோ ஒருவர் கார்களுக்கு நடுவே ஒளித்து வைத்துவிட்டுப் போவார், மிச்சத்துக்கு எலியும் கரப்பானும் வரும், பசித்த நாய் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். ஒரே இடம், ஒரே நேரம், சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக் கழுவிவிடுவது என்று வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அப்புறம், நேரத்துக்கு வந்து பழகிய நாயைத்தான் கருத்தடைக்கும் ரேபிஸ் ஊசிக்கும் சுலபமாகப் பிடிக்க முடியும். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம், 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் பரவலைத் தடுக்கலாம் என்பதும் அவர்கள் கணக்குதான்.

மாடிப்படியில், குழந்தைகள் விளையாடும் இடத்தில், அடுத்தவர் வாசலில் வைப்பதை நானும் ஏற்கமாட்டேன். நாயைக் கண்டு நடுங்குகிறவர்களின் பயம் நிஜமானது. பால்கனியில் புறாவுக்குத் தானியம் தூவுவதும் வேண்டாம், காய்ந்த எச்சத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

அடுத்த பொதுக்குழுவில் இடத்தையும் நேரத்தையும் தீர்மானமாகவே எழுதிக் கொண்டுவரப் போகிறேன். சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்துப் போடுங்கள், எதிர்ப்பவர்களும் கட்டாயம் வந்து பேசுங்கள்.