ஒரு கல்லறை, மூன்று சபை

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு திசை. நாங்கள் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்ட் சபைகள் சில இணைந்து உண்டான தென்னிந்தியத் திருச்சபை. அத்தை தூத்துக்குடியில் ஆர்.சி. என்கிற ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பெந்தெகொஸ்தேக்குப் போனார். அதற்குப் பிறகு கிறிஸ்மஸ் கொண்டாடுவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் பிரியாணியை மட்டும் நிறுத்தவில்லை.

சபை என்றால் என்ன என்று கேட்டால் மூன்று வீட்டிலும் மூன்று பதில் வரும். அப்போஸ்தலர் காலத்திலிருந்து ஆயர்கள் கைவைத்துக் கைவைத்து அறுபடாமல் வருவதுதான் திருச்சபை, பூசையும் நற்கருணையும் அங்கேதான் என்பாள் அத்தை. வேத வசனம் சரியாகப் பிரசங்கிக்கப்பட்டு, ஞானஸ்நானமும் திருவிருந்தும் முறைப்படி நடக்கிற கூட்டம் சபை என்று எங்களுக்குத் திருவிருந்தில் சேருவதற்கு முன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தரன்களும் ஆங்கிலிக்கர்களும் எழுதிவைத்தது ஏறக்குறைய இதேதான். பெரியப்பாவுக்கு இரண்டுமே வேண்டாம். ஆவியானவர் இறங்கினால் தகரக் கொட்டகையும் சபை, இறங்காவிட்டால் கோபுரம் வைத்த கோயிலும் வெறும் கட்டடம் என்பார். இதைச் சொல்லும்போது ஊசிக்கோபுரத்தின் பக்கம் கையை நீட்டாமல் இருக்கமாட்டார்.

வித்தியாசம் அதிகமாகத் தெரிவது ஞானஸ்நானத்தில். அத்தை கல்யாணத்துக்கு முன்னால் ஆர்.சி.க்கு மாறியபோது அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி நாமத்தினாலே தண்ணீரில் கொடுத்தது யார் கொடுத்தாலும் செல்லும் என்பது அவர்கள் விதி. பெரியப்பாவைத் தாமிரபரணியில் மறுபடி முழுக்கினார்கள். பச்சைப் பிள்ளையாய் இருந்தபோது தலையில் ஊற்றியதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தானாக மனந்திரும்பி வந்தவனுக்குத்தான் ஞானஸ்நானம். நான் பிறந்தபோதே சபைக்குள் பிறந்தேனா, அல்லது வளர்ந்து நானே தீர்மானம் பண்ணி உள்ளே வரவேண்டுமா? இதற்குச் சொல்கிற பதிலை வைத்தே ஒருவர் எந்தச் சபை என்று சொல்லிவிடலாம்.

இந்த மூன்று பதிலையும் ஒன்றாக வைத்துப் பேசியவர் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்துச் சபை காஞ்சிபுரம் பக்கம் அனுப்பிவைத்த மிஷனரி. பேராயரே, அதாவது பிஷப்பே, இல்லாத பிரஸ்பிடேரியன் மரபுக்காரர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. உருவான அன்றே அவரை மதுரை - இராமநாதபுரத்துக்குப் பேராயராக்கினார்கள். 1952இல் கிளாஸ்கோவில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர் சொன்னது இது: விசுவாசத்தோடு வசனத்தைக் கேட்பவர்கள், கிறிஸ்துவின் சரீரமாகத் தொடர்ந்து வருபவர்கள், ஆவியானவரின் கூட்டம் என்று மூன்று விதமாகச் சபையைப் பார்க்கிறார்கள், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளினால் சபை குறைப்பட்டுப்போகும். பெந்தெகொஸ்தேகாரர்களைப் பெரிய சபைகள் ஒரு பொருட்டாகவே மதிக்காத காலத்தில் பேசியது அது.

சி.எஸ்.ஐ. உருவான கதையிலும் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா, 1912இல் தெலுங்கு பேசும் பகுதியான தோர்ணக்கலுக்குப் பேராயரானவர். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அவரும் இன்னும் சில போதகர்களும் கூடி, மேல்நாட்டுச் சண்டையால் வந்த பிரிவினையை நாங்கள் ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்டார்கள். பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. அசரியா 1945இல் இறந்துபோனார், இணைப்பைப் பார்க்கவில்லை. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் ஒன்றாக வேண்டியிருந்ததால், ரொம்பவும் இடித்தது பேராயர் விஷயம். கடைசியில், இனிமேல் குருப்பட்டம் பேராயர் கையால்தான், ஆனால் ஏற்கெனவே போதகராய் இருக்கிற யாருக்கும் மறுபடி பட்டம் கொடுக்கத் தேவையில்லை என்று முடித்தார்கள். இங்கிலாந்தில் பலருக்கு அது பொறுக்கவில்லை. எனக்கென்னவோ முழு ஒப்பந்தத்திலும் அழகான இடம் அதுதான்.

அது மேல்மட்டத்தில். ஊரில் எப்படி என்பது பெரியப்பா இறந்தபோது தெரிந்தது. நல்ல ஐப்பசி மழை. பிரீசர் பெட்டி வந்து இறங்குவதற்குள் அவர் சபை ஆட்கள் வெள்ளையும் சொள்ளையுமாய் வந்து, ராத்திரி முழுக்கக் கைதட்டிப் பாடி, காலையில் எல்லோருக்கும் இட்லியும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் கிடையாது. எங்கள் தோட்டத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. கமிட்டியில் கேட்டால், "அவர் பேரை ரிஜிஸ்டரில் வெட்டியாச்சே" என்றார்கள். சங்கக் காணிக்கை என்கிற சபைச் சந்தாவைக் கட்டாதவருக்கு இடம் இல்லை. ஐயர் என்று நாங்கள் கூப்பிடுகிற எங்கள் போதகர் நல்ல மனுஷன்தான், கமிட்டியை மீறமாட்டார். மத்தியானம் ஒரு வழி பிறந்தது. பெரியப்பா எங்கள் சபையை விட்டுப்போன வருஷத்திலிருந்து பாக்கிச் சங்கம் முழுவதையும் கட்டவேண்டும். ஆராதனையை ஐயர்தான் நடத்தவேண்டும். பெரியப்பா சபையின் பாஸ்டர் கேட்டுக்குள் பேசக்கூடாது. அவர் கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினார். உள்ளே ஐயர் மண்ணள்ளிப் போட்டார். அத்தை ஒரு ஓரமாக ஜெபமாலை உருட்டினாள். மரித்தவருக்காக ஜெபிக்கக்கூடாது என்று பெரியம்மா அவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டிக்காரர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோட்டச் சுவர், காவல்காரர் சம்பளம் எல்லாம் அந்தக் காணிக்கையில்தான் ஓடுகிறது. ஆனால் அதே ரிஜிஸ்டரில், திருமண்டலத் தேர்தல் வந்தால் மட்டும் கோயில் வாசலை மிதிக்கிறவர் பேர் பத்திரமாக இருக்கிறது. சாதி பார்த்துச் சம்பந்தம் முடிக்கிறவர்களின் பேரும் இருக்கிறது, எங்களையும் சேர்த்து.

"நீங்கள் கிறிஸ்துவின் சரீரம்" என்று பவுல் எழுதியது எந்தச் சபைக்கு என்று பாருங்கள். கொரிந்து சபைக்கு. கோஷ்டி கட்டினவர்கள், ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டில் வழக்குப் போட்டவர்கள், திருவிருந்தில் ஏழை பசித்திருக்க முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்தவர்கள். திருந்தினால் சரீரம் ஆவீர்கள் என்று அவர் எழுதவில்லை. இப்போதே சரீரம், அதனால் திருந்துங்கள் என்கிறார். யார் உள்ளே, யார் வெளியே என்பது நம் கையில் இல்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். அந்தக் கணக்கில் பெரியப்பா ஒருநாளும் வெளியே போகவில்லை. அவரிடமே சொல்லியிருந்தால், "நீங்கதாம்ட்டி இன்னும் உள்ளே வரல" என்றிருப்பார்.

பெரியம்மா இன்றும் அந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் போகிறாள். அவள் பேரில் அண்ணன் மாதாமாதம் எங்கள் கோயிலில் சங்கம் கட்டிவருவது போன வாரம்தான் அவளுக்குத் தெரிந்தது. "ஏலே, விசுவாசம் இல்லாத இடத்துல எதுக்குலே துட்டைக் கொண்டு கொட்டுத?" என்று ஒரு பாடு சத்தம் போட்டாள். ரசீதைக் கேட்டு வாங்கி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள்.