இரண்டு முறை எரிந்த கிளிவ்டன் மாளிகை

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரை மேட்டின் உச்சியில் நிற்கிறது கிளிவ்டன். இன்று அது ஆடம்பர ஹோட்டல். ஆனால் மாளிகையும் தோட்டமும் ஹோட்டல்காரர்களுக்குச் சொந்தமில்லை. நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைதான் உரிமையாளர், ஹோட்டல் குத்தகைக்கு இருக்கிறது. அதனால் அறை எடுக்காதவர்களும் டிக்கெட் வாங்கித் தோட்டத்தைச் சுற்றலாம். நான் அப்படித்தான் போனேன்.

இங்கே முதல் வீட்டைக் கட்டத் தொடங்கியவர் ஜார்ஜ் வில்லியர்ஸ் என்ற பக்கிங்ஹாம் டியூக். 1660-களில் நடந்த விஷயம். ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவியோடு அவருக்கு உறவு. 1668-ல் கணவர் வாட்சண்டைக்கு அழைக்க, டியூக்கின் வாளால் காயம்பட்டு, சில வாரங்களில் இறந்துபோனார். அந்த ஆண்டையும் ஒரு வாளின் வடிவத்தையும் தோட்டத் தரையில் இன்றும் காணலாம்.

அந்த வீடு 1795-ல் எரிந்தது. படுக்கையில் கதைப் புத்தகம் படித்த பணிப்பெண்ணின் மெழுகுவத்திதான் காரணம் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். தீ எப்படிப் பிடித்திருந்தாலும் பழி பணிப்பெண் தலையில் விழுகிற காலம் அது என்பதையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1820-களில் மறுபடி கட்டினார்கள். 1849-ல் அதுவும் எரிந்தது. இப்போது நாம் பார்ப்பது மூன்றாவது வீடு, லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பேரியின் கைவண்ணம். இரண்டு தீயிலும் தப்பியது தெற்குப் பக்கம் இருக்கும் நீண்ட செங்கல் மேடை. அதன் வளைவுகள் பக்கிங்ஹாம் டியூக் காலத்தவை. மேலே உள்ள வீடு மாறிக்கொண்டே இருந்தாலும் அஸ்திவாரம் போல இந்த மேடை அப்படியே இருக்கிறது.

1893-ல் இதை வாங்கியவர் அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர். அதே ஆண்டு நியூயார்க்கில் அவர் கட்டிய வால்டார்ஃப் ஹோட்டலும் திறக்கப்பட்டது. ஹோட்டல் கட்டியவர் குடியிருக்க வாங்கிய வீடு, சுமார் 90 ஆண்டுகள் கழித்துத் தானே ஹோட்டலானது.

ஆஸ்டர் செய்த வேலைகளில் என்னை அதிக நேரம் நிற்க வைத்தது தோட்டத்துக் கைப்பிடிச் சுவர். ரோமில் உள்ள வில்லா போர்கேசேயிலிருந்து 17-ம் நூற்றாண்டுச் சுவரை அப்படியே வாங்கி, 1896-ல் இங்கே கொண்டுவந்து பொருத்தினார். கல்லோடு சேர்ந்து சிறு நத்தைகளும் வந்துவிட்டன. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒல்லியான கூம்பு போன்ற ஓடு, மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த இனம். நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் அவை இந்தச் சுவரிலேயே பெருகி வாழ்ந்திருக்கின்றன. 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். நான் குனிந்து, கல் இடுக்குகளில் விரல் படாமல் தேடினேன். கல்லின் பழுப்பு நிறத்திலேயே ஓடும் இருப்பதால் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

ஆஸ்டர் 1906-ல் மகனுக்குத் திருமணப் பரிசாக மாளிகையைக் கொடுத்தார். மருமகள் நான்சி, 1919-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இடம்பிடித்த முதல் பெண் உறுப்பினர். வார இறுதிகளில் அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் இங்கே கூடுவார்கள். விருந்தாளிக்கு அறை, சாப்பாடு, தனிக் கவனிப்பு எல்லாம் உண்டு. யோசித்தால் இந்த வீடு எப்போதுமே ஹோட்டல் வேலையைத்தான் பார்த்திருக்கிறது. பில் கொடுக்கிற ஆள்தான் இப்போது வேறு. முதல் உலகப் போரில் தோட்டத்தின் ஒரு பகுதி கனடா செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையானது. அங்கே இறந்த வீரர்களின் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மாளிகைகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. சொத்து வரி, வாரிசு வரி, கிடைக்காத வேலைக்காரர்கள், ஒழுகும் கூரை. ஆஸ்டர் குடும்பம் முன்கூட்டியே யோசித்தது. 1942-ல் வீட்டை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் அதிலேயே தொடர்ந்து குடியிருந்தார்கள். பராமரிப்புக்குப் பணமும் தனியாகக் கொடுத்தார்கள்.

1961-ல் இங்குள்ள நீச்சல்குளத்தருகே போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபியூமோ, 19 வயது மாடல் கிறிஸ்டின் கீலரைச் சந்தித்தார், பிறகு இருவருக்கும் உறவு ஏற்பட்டது. அந்த உறவு பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்னது அம்பலமாகி, 1963-ல் பதவி விலகினார். அரசே ஆட்டம் கண்டது. வழிகாட்டிகளும் விருந்தினர்களும் இந்தக் கதையைத்தான் முதலில் பேசுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. செஞ்சிலுவை வீரர்களின் கல்லறைப் பக்கம் நான் போனபோது வேறு யாருமே இல்லை.

1960-களின் பிற்பகுதியில் ஆஸ்டர் குடும்பம் வெளியேறியது. அப்புறம் 1980-களின் தொடக்கம் வரை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு வளாகமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஹோட்டல். கயிறு கட்டித் தள்ளி நின்று பார்க்கும் அருங்காட்சியகமாக இதை மாற்றியிருக்கலாம். அதைவிட இதுவே சரி என்று நினைக்கிறேன். நாற்காலியில் ஆள் உட்கார்கிறார், மேசையில் சாப்பாடு வருகிறது, குத்தகைப் பணமும் வருகிறது. கட்டியதன் நோக்கமே அதுதானே?

போக நினைப்பவர்கள் லண்டன் பேடிங்டனிலிருந்து டாப்லோ வரை ரயிலில் வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். தோட்ட டிக்கெட்டில் மாளிகைக்குள் எல்லா நாளும் விடமாட்டார்கள், நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போக வாய்த்தால், பெரிய கூடத்தின் மரப்படிக்கட்டுத் தூண்களில் முன்னாள் உரிமையாளர்களைச் செதுக்கி வைத்திருப்பதைத் தவறவிடாதீர்கள்.