மெர்த்தோலாவில் ஒரு அடுக்களை

வீட்டு பிளான் போடுவது என் தொழில். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் வாசலைத் தேடும், அடுத்து சாக்கடையை. போர்ச்சுகலின் தெற்கில், குவாதியானா ஆற்றை ஒட்டிய மெர்த்தோலாவில் இரண்டையும் தரையிலேயே பார்த்தேன், 800 வருடத்துக்கு முந்தையவை.

கோட்டைக்குக் கீழே ஒரு மேடை. ரோமானியர் காலத்தில் ஊரின் பொதுச் சதுக்கம் அங்கேதான் இருந்தது. சரிவைத் தாங்க அவர்கள் கட்டிய நீண்ட நிலவறை இன்னும் நிற்கிறது. பின்னால் வந்தவர்கள் அதில் தண்ணீர் தேக்கினார்கள். பக்கத்தில் ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் எண்கோண ஞானஸ்நானத் தொட்டி, மொசைக் தரைகள். 12ஆம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹாத் என்ற முஸ்லிம் வம்சத்தின் ஆட்சியில், இத்தனைக்கும் மேலே முஸ்லிம் குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தன.

பத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எல்லாமே சின்னவை. கல் அடித்தளம், அதன்மேல் இடித்துக் கெட்டிப்படுத்திய மண்சுவர், ஓட்டுக்கூரை. இன்று மிஞ்சியிருப்பது அடிச்சுவர்தான். ஆனால் அதுவே ஒரு முழு பிளான். தெருவாசலில் நுழைந்தால் நடை ஒரு திருப்பம் திரும்பும். தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்முற்றம் படாது. முற்றத்தைச் சுற்றித்தான் எல்லா அறைகளும். பெரிய அறையின் ஓரத்தில் படுக்கைக்கென்று ஒரு மாடம். அடுக்களையில் அடுப்பு இருந்த இடம். கழிப்பறை தனியாக, அதிலிருந்து கழிவுநீர் தெருப்பக்கம் போகும் வழி. அந்தக் கழிப்பறையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து நான் ரொம்ப நேரம் நின்றேன். இடம் இல்லாத மனையில் வாடை அறைக்குள் வராமல் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கட்டிய கொத்தனாரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இங்கே 1978 முதல் க்ளாவ்டியோ டோரஸ் தலைமையில் அகழாய்வு நடந்தது. ரோமானியச் சதுக்கம் முழுவதும் வேண்டுமென்று தோண்டியிருந்தால் இந்த அடுப்புகள் மண்ணோடு போயிருக்கும். சிரியாவின் பழைய நகரமான பல்மைராவில், பெல் என்ற பழங்காலத் தெய்வத்தின் கோயில் வளாகத்துக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. 1930 வாக்கில், அப்போது சிரியாவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் மக்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள், கோயில் சுத்தமாகத் தெரிய வேண்டுமாம். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. தூண் மட்டும்தான் வரலாறா? மெர்த்தோலாக்காரர்கள் இந்த வீடுகளை வீடுகளாகவே மதித்தார்கள். ஒன்றை முழு அளவில் திரும்பக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்து நடையின் திருப்பத்தை உடம்பாலேயே உணரலாம்.

கொஞ்சம் தள்ளி இருக்கும் மாதாகோயில், மசூதியாக இருந்த கட்டடம். குதிரைலாட வளைவு வாசல்களும், தொழுகைத் திசை காட்டும் மாடமும் அப்படியே இருக்கின்றன.

1238இல் சாந்தியாகு என்ற கிறிஸ்தவப் போர்த்துறவிகள் சபையின் வீரர்கள் ஊரைப் பிடித்தார்கள். குடியிருப்பு காலியானது. பிறகு அதே இடம் கிறிஸ்தவர்களின் இடுகாடானது. வீட்டுத் தரைகளை வெட்டிக் குழி தோண்டினார்கள். முற்றத்தில் நின்றால் அந்த வெட்டு எங்கே விழுந்திருக்கும் என்று கண் தானாகத் தேடுகிறது.

டேப் கொண்டுபோகாமல் விட்டேன். நடையின் அகலத்தை என் அடியால் அளந்து, டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்து வைத்திருக்கிறேன்.